சொட்டு மருந்து போட ஓர் ஆள்

எங்கள் தெருவில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வசூல் நடக்கும். பத்தொன்பது வீடுகள் சேர்ந்திருக்கிறோம். வீட்டுக்கு இருநூறு ரூபாய் என்று தொடங்கியது. முடிந்தவர்கள் ஐநூறு கொடுக்கிறார்கள். முனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் ஐம்பது ரூபாய் கொடுக்கிறார், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. எங்கள் தெருவிலும் பின்னால் இருக்கும் லைன் வீடுகளிலும் தனியாக வாழும் வயதானவர்களுக்கு இந்தப் பணம் போகிறது. சங்கம், பெயர்ப்பலகை, தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கக்கூடிய ஒரு வங்கிக் கணக்கும், ஒரு நீள நோட்டும் உண்டு. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதால் நோட்டு என்னிடம் வந்து சேர்ந்தது.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எங்கே கொடுப்பது, எதற்குக் கொடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். இந்த நோட்டை எழுதி எழுதி எனக்கு ஒரு விஷயம் உறுதியாகப் பட்டிருக்கிறது. பெரிய உதவிகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. அரசாங்கம் தருகிறது, ஆஸ்பத்திரிகள் தருகின்றன. அந்த உதவிக்கும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் நடுவில் ஓர் ஆள்தான் இல்லை. நம் பணமும் நேரமும் அந்த ஆளுக்காகப் போக வேண்டும்.

எங்கள் வீடு கோவையில் சிங்காநல்லூர் பக்கம். இங்கே தனியாக இருக்கும் பெரியவர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மில்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் நீலகிரியில் இருந்து பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் வரிசையாக மில்கள் முளைத்தன. சுற்றியிருந்த கிராமங்களில் இருந்து வந்தவர்கள் மில்லை நம்பியே குடும்பம் நடத்தினார்கள், சங்கு ஊதுவதை வைத்தே சமைத்தார்கள், தூங்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். தேசிய ஜவுளிக் கழகத்தின் என்.டி.சி. மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். லைன் வீடுகளில் மிஞ்சியிருப்பவர்கள் அந்தக் காலத்து மில் ஆட்கள். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் என்று வைத்தார்கள். முப்பது வருடம் பஞ்சைச் சுவாசித்த மனிதருக்கு அதை ஒட்டித்தான் வருகிறது. வாடகை கொடுத்தால் அவ்வளவுதான்.

பின் லைனில் ஓர் ஆத்தா இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். மில்லில் ரீலிங் டிபார்ட்மென்டில் இருந்தவர், ஓய்வூதியம் வருவதற்கு முன்பே நின்றுவிட்டார். கணவர் இல்லை. ஒரே மகனும் காலமாகிவிட்டார். மருமகள் பேரனைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டோடு போய்விட்டார், அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. முதியோர் உதவித்தொகை 1200 ரூபாய் வருகிறது. ரேஷன் அரிசி வருகிறது. கட்டணமில்லாத மின்சாரத்துக்குள் ஒரு லைட்டும் ஒரு ஃபேனும் ஓடுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் பட்டினி இல்லை. ஆனால் இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரே நிற்பவரைக் குரல் வைத்துத்தான் அடையாளம் சொல்வார். அடுப்புப் பற்றவைக்கும்போது பார்ப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும்.

கோவையில் கண் ஆபரேஷனுக்குப் பஞ்சமே இல்லை. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, ஐம்பத்தெட்டு வயதில், பதினொரு படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கோவைக்கு 1997இல் வந்தது. சங்கரா இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது. முகாம் போடுவார்கள், பஸ்ஸில் கூட்டிப்போவார்கள், லென்ஸ் வைத்துச் சாப்பாடும் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எல்லாம் இலவசம். ஆத்தாவுக்கும் இது தெரியும். முகாம் ஆட்டோ மைக் போட்டுக்கொண்டு தெருவில் போவதைக் கேட்டிருக்கிறார். பயந்துகொண்டு போகாமல் இருக்கிறார் என்றுதான் லைனில் எல்லோரும் சொன்னார்கள். நேரில் கேட்டால் ஆத்தா சொன்னார்:

“கண்ணைப் பண்ணிப்போட்டு வந்தா அப்பறம் மருந்து ஆரு கண்ணு ஊத்துவா? எனக்குக் கை நடுங்குது. தண்ணிக் கொடம் ஆரு தூக்குவா? நாலு நாளைக்கு ஆராச்சும் பாப்பாங்க. அதுக்கு மேல?”

கண் ஆபரேஷன் கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகுதான் நாள் கணக்கு. சொட்டு மருந்து முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு ஆறேழு முறை போட வேண்டும், பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். தலைக்கு ஊற்றக்கூடாது. குனிந்து கனம் தூக்கக்கூடாது. புகை படக்கூடாது. வீட்டில் நாலு பேர் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. தனியாக இருக்கும் ஒருவருக்கு இதுவே பெரிய சுவர். இலவச ஆபரேஷன் ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்க, கண் தெரியாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் காரணம் ஆத்தா சொன்ன காரணமாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் நிதி அதற்குச் செலவானது. காலையிலும் இரவிலும் போடுவதை லைன்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள். பிரச்சினை பகல்தான், எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அதே லைனில் வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவிடம் பேசினோம். மதியம் ஒரு வீட்டை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, அந்த வீட்டில் கிடைக்கும் சம்பளத்தை நாங்கள் கொடுத்தோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஊற்றுவது, ஒரு மருந்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில் கொஞ்ச நேரம் விடுவது எல்லாவற்றையும் மறுபரிசோதனைக்குப் போன அன்று நர்ஸ் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆட்டோ, மதியச் சாப்பாடு, இந்தச் சம்பளம் எல்லாம் சேர்த்து ஐயாயிரம்கூட ஆகவில்லை. இன்னொரு கண்ணையும் அடுத்த தை மாதம் முடித்தோம். இப்போது ஆத்தா உதிரிப் பூ வாங்கிக் கட்டிக் கொடுக்கிறார், முழத்துக்கு இவ்வளவு என்று. என்னைத் தெருமுனையில் பார்த்தாலே “ஏன் அம்மிணி இளைச்சுப் போயிட்ட?” என்கிறார்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் நல்ல தண்ணீர் தினமும் வராது, வருகிற நாளில் வருகிற நேரமும் நிச்சயமில்லை. சில முறை நடுராத்திரி வரும். வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது அரிசி மூட்டை வாங்கிக் கொடுக்க நினைத்தால், அதற்கு முன் அவர் வீட்டில் தண்ணீர் யார் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் தெருப் பாலிடெக்னிக் பையன் ஒருவன் மூன்று வீடுகளுக்குப் பிடித்து வைக்கிறான். காசு வேண்டாம் என்கிறான். செமஸ்டர் ஃபீஸ் கட்டும் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் விட்டிருக்கிறோம்.

அப்புறம் ரேகை. ஓய்வூதியம் தொடர்ந்து வர வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும், ஜீவன் பிரமாண் என்று பெயர். விரலை மெஷினில் வைக்க வேண்டும். இழை அறுந்தால் விரலாலேயே பிடித்து முடிந்து முடிந்து, மில்காரர்கள் பலருக்கு விரலில் ரேகையே தேய்ந்திருக்கிறது. எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் இருக்கும் ஸ்பின்னிங் தாத்தாவுக்கு இப்படித்தான் ரேகை விழாமல் போய், அவருக்கு வர வேண்டிய ஓய்வூதியம் சில மாதங்கள் நின்றுவிட்டது. கேட்டுப்போன இடத்தில் நாளைக்கு வா என்றார்கள். தாத்தா யாரிடமும் சொல்லவில்லை. பால் நிறுத்தினார், பிறகு பேப்பர் நிறுத்தினார். பேப்பர் போடும் பையன் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

இதற்கு வழி இருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து கொடுப்பார். ரேகை விழாதவர்களுக்கு முகத்தைப் படம் பிடித்துச் செய்யும் வசதியும் வந்துவிட்டது, ஒரு ஸ்மார்ட்போனும் அதை ஆடாமல் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆளும் போதும். எங்கள் ஆபீஸில் ஆடிட்டர் பயிற்சிக்காக ஆர்டிகிள்ஷிப் செய்யும் பெண் ஒரு சனிக்கிழமை மதியம் வந்து உட்கார்ந்து லைனில் இருந்த அத்தனை பேருக்கும் முடித்துக் கொடுத்தாள். தாத்தாவுக்கு நின்ற பணம் சேர்த்து வந்தது. இதில் நிதியில் இருந்து செலவான பணம் டீயும் பன்னும்.

அரசாங்கத் திட்டங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962இல் இருந்து இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. வயதானவர்களுக்கு ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு, காலை மாத்திரை எது ராத்திரி மாத்திரை எது என்று பிரித்து வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை எந்த அரசாணையிலும் போட முடியாது, பக்கத்து வீட்டில் இருந்துதான் வர முடியும்.

சில செலவுகளை யாருமே ஏற்பதில்லை. எங்கள் தெருக் கடைசியில் ஒரு தம்பதி. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். எழுபது தாண்டிய கணவர் ஒருவரே புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டு எல்லாம் செய்கிறார். அவர்களுக்கு உறவினர்கள் பழம் கொண்டுவருவார்கள், ஹார்லிக்ஸ் கொண்டுவருவார்கள். பெரியவர்களுக்கான டயாப்பர் ஒருவரும் கொண்டுவந்ததில்லை. சுமாரானதே ஒன்று முப்பது ரூபாய் சொல்கிறார்கள். நாளைக்கு இரண்டு என்று வைத்தால் மாதம் 1800. உதவித்தொகை 1200. அந்த ஐயா ஒரே டயாப்பரைக் காலையில் இருந்து இரவு வரை விட்டுவிடுவார், அதனால் முதுகில் படுக்கைப் புண் வந்தது. கூச்சத்தில் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. நிதியில் மாதாமாதம் நிரந்தரமாகப் போகும் செலவு இது ஒன்றுதான். மொத்தக் கடையில் பெட்டியாக வாங்குகிறோம், கருப்புப் பையில் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். வாரத்தில் இரண்டு மதியம் ஒருவர் போய் அம்மாவுக்குத் துணையாக இருக்கிறார். அந்த நேரத்தில் ஐயா வெளியே போவார். எங்கே போகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. பெரும்பாலும் குளத்தேரிப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று கேள்வி.

முதியோர் இல்லங்களில் பிறந்தநாள் சாப்பாடு போடுவதைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். அமாவாசை, திதி, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே நாளில் இரண்டு மூன்று குடும்பங்கள் சாப்பாடு போட வரிசையில் நிற்கின்றன. சர்க்கரை உள்ளவர்கள் இலையில் ஜாங்கிரி வைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் யாரும் வருவதில்லை. இல்லத்துக்கு உண்மையிலேயே கொடுக்க விரும்பினால் அங்கே ராத்திரி டியூட்டி பார்க்கும் ஆயாவின் சம்பளத்தில் ஒரு பங்கு ஏற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நடத்துபவர் முகம் மாறும். எனக்குத் தெரிந்து எல்லா இல்லங்களிலும் முதல் தட்டுப்பாடு ஆட்கள்தான். அதோடு இன்னொன்று: இல்லத்தில் இருப்பவருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவராவது இருக்கிறார். தன் சொந்த வீட்டில் தனியாக இருப்பவரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இதில் நமக்கு வழிகாட்ட, கேரள எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டினாலே போதும். 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணம் மற்றும் பராமரிப்புக்காக டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு அது தெருக்காரர்களே தங்கள் பகுதியின் நோயாளிகளையும் படுக்கையில் இருப்பவர்களையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாக மலப்புறம், வயநாடு என்று பரவியது. கடைகளில் உண்டியல் வைத்து, சின்னச் சின்னத் தொகையாகச் சேர்த்து நடத்தினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் வருவார், கூடவே உள்ளூர்த் தொண்டர் வருவார். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. எங்கள் ஆபீஸில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் தன் அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றிச் சொல்லும்போது டாக்டரைப் பற்றிப் பேசமாட்டார், வாராவாரம் வந்த தொண்டர்களைப் பற்றித்தான் பேசுவார். நாங்கள் இருநூறு ரூபாய் வசூலைத் தொடங்கியதே அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

மார்ச் மாதம் வந்தால் ஒரு கேள்வி வரும்: இதற்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது உண்டா? கிடையாது. அந்தச் சலுகை பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதற்குத்தான். அதிலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அறவே இல்லை. பெரிய தொகை கொடுப்பவர்கள் நல்ல அறக்கட்டளையாகப் பார்த்துக் கொடுங்கள், நன்கொடைச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை நானே என் ஆபீஸில் நாள் முழுக்கச் சொல்கிறேன். ரசீது கிடைக்காது என்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பாட்டியை விட்டுவிட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படம் எடுக்காதீர்கள். இதை எங்கள் நிதியில் விதியாகவே வைத்திருக்கிறோம். கம்பளி கொடுத்துவிட்டு அதைப் பிடித்தபடி நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தால், மறுமுறை அந்த வீட்டுக் கதவு திறக்காது. நாற்பது வருடம் உழைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

தனிமை காசில்லாத வீட்டில் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட் மூன்றாம் மாடியில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். நல்ல பென்ஷன், சொந்த ஃப்ளாட், மகள் நியூஜெர்சியில். மூட்டு வலி, லிஃப்ட் அடிக்கடி ஓடாது, அதனால் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். முதல் வசூலின்போது ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, “பணம் வாங்கிக்கிட்டுப் போயிருவீங்க. எனக்கு ஒரு வேலை குடுங்க” என்றார். இன்று எங்கள் நிதியில் மிக முக்கியமான வேலை அவருடையது. தினமும் காலை ஏழு மணியில் இருந்து ஒவ்வொரு பெரியவருக்கும் போன் செய்கிறார். தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா, என்ன சமையல். ஆத்தாவோடு மட்டும் அரை மணி நேரம் போகும். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய மனுக்களையும் அவரே எழுதுகிறார், அச்சடித்தது போன்ற கையெழுத்து. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்ட ஒரு மகன் மேல் 2007ஆம் வருடப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் கொடுத்த மனுவும் அவர் எழுதியதுதான். உங்கள் பகுதியில் இப்படி ஒருவர் இல்லையென்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் காலை எட்டில் இருந்து இரவு எட்டு வரை இருக்கிறது, கட்டணம் இல்லை.

போன மாதம் ஸ்பின்னிங் தாத்தா காலையில் போனை எடுக்கவில்லை. டீச்சர் உடனே இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டார். தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். நல்லவேளை எலும்பு முறியவில்லை, இடுப்பில் அடி. அதில் இருந்து இந்த மாதச் செலவு முடிவானது: லைனிலும் தெருவிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் எல்லோர் வீட்டுக் குளியலறையிலும் கக்கூஸிலும் சுவரில் ஸ்டீல் கைப்பிடி, தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. இரண்டு வீட்டு ஓனர்கள் டைல்ஸ் உடையும் என்று மறுத்தார்கள். உடைந்தால் நாங்களே மாற்றித் தருகிறோம் என்று நிதியின் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிளம்பர் வரும் ஞாயிறு காலை வருகிறார், கூலி பாதி போதும் என்றிருக்கிறார். தாத்தா மட்டும் கைப்பிடியை வலது பக்கம் வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இடது தோள் மில்லிலேயே போய்விட்டதாம்.